பிடரியில் இழுத்த உத்தரியம்

செத்துப்போன என் கூட்டாளி பிடரிப் பக்கமிருந்து என்னை இழுக்கிறான் என்று இரண்டு நாள் முழுதாக நம்பினேன். அப்போது எனக்கு மீசை இருந்தது, பெண்டாட்டி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். புத்தி மட்டும் வந்து சேரவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டதால் சொல்லலாம்.

அவன் இழுத்தது என் கழுத்திலிருந்த உத்தரியத்தை. இரண்டு சின்னப் பழுப்புக் கம்பளித் துண்டுகள். ஒன்று மார்பில் கிடக்கும், ஒன்று முதுகில், இரண்டையும் கயிறு சேர்த்திருக்கும். மாதா கோயில் சாமியார் மந்திரித்துக் கழுத்தில் போட்டால் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டோம். அதைப் போட்டபடி சாகிறவன் நரகத்தைப் பார்க்கமாட்டான். அடுத்து வரும் சனிக்கிழமை மாதாவே, செத்தவர்கள் பாவம் தீர வேகும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு வந்து அவனை மோட்சத்துக்குக் கூட்டிப்போவாள். கோலார் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கம் இறங்கிய எங்கள் ஆட்கள், கீழே இறக்கும் கேஜ் கூண்டைத் தாங்கும் கம்பியைவிட இந்தக் கயிற்றைத்தான் நம்பினார்கள்.

அதைக் கழற்ற வைக்கிறவர் ஒருவர் உண்டு: ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாசலில் நிற்கும் காவல்காரர். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால், தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று வாயைக்கூடத் திறந்து பார்ப்பார். தைத்த துணி என்றால் அவருக்குச் சந்தேகம் இன்னும் அதிகம். எல்லோரும் உத்தரியத்தைக் கழற்றி ஒரு தகரத் தட்டில் போடவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து இழுத்து, நசுக்கிப் பார்ப்பார். வியர்வையும் புகையும் ஏறி எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு நல்ல பசி. தட்டில் கையை விட்டு, வந்ததை எடுத்து மாட்டிக்கொண்டேன். கூட்டாளி மட்டும் தட்டின்மேல் குனிந்து நின்றான்.

"இன்னாடா தேடிகினு கீற?"

"ஒண்ணுமில்ல. நீ போ, உன் களி ஆறிடப் போவுது."

மறுநாள் காலை மூன்றாவது லெவலில் பாறை சரிந்து அவன்மேல் விழுந்தது. நான் எட்டடி தள்ளி நின்றேன். கல்லைப் புரட்டி அவனை எடுத்தபோது கழுத்தைப் பார்த்தேன். உத்தரியம் இல்லை.

புரிந்துவிட்டது. தட்டில் நான் எடுத்தது அவனுடையது, அதைத்தான் தேடியிருக்கிறான், என்னுடையதை எடுக்க மனமில்லாமல் வெறுங்கழுத்தோடு போயிருக்கிறான். சனிக்கிழமை மாதா வருவாள், கழுத்தைப் பார்ப்பாள், ஒன்றுமில்லை என்று அவனைத் தாண்டிப் போய்விடுவாள். களி ஆறுவதற்குள் வீட்டுக்கு ஓடிய ஒரு தின்னிப்பண்டாரத்தால்.

புதன்கிழமை அடக்கம். எல்லோருக்கும் பின்னால் நின்றேன். பெட்டியை எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. உத்தரியத்தைக் குழியில் போட்டுவிடலாம் என்று இரண்டு தரம் கை கழுத்துக்குப் போனது. இரண்டு தரமும் ஒரு கேள்வி வந்தது: நாளைக்கு நான் இறங்கவேண்டுமே, எனக்கு? இப்படிப்பட்ட நண்பன் நான்.

வியாழக்கிழமை இறங்கினேன். மெழுகுவர்த்தியைக் களிமண்ணால் தொப்பியில் ஒட்டிக்கொண்டு வேலை செய்த காலம் அது. பாறை எப்போது விழுமோ என்று மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு விரல் பட்டது. மெல்லக் கீழே இறங்கியது. பிறகு குளிர்ந்தது. சுத்தியலை எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து கயிறு என்னை வெடுக்கென்று இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். இருட்டுதான் நின்றது.

அன்று முழுக்க நான் குனியவே இல்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே. சாவு விழுந்த வாரம் என்று காவல்காரர்கூட உத்தரியத்தைக் கழற்றச் சொல்லாமல் விட்டுவிட்டார். கூட வேலை செய்தவன் கேட்டான்: "இன்னா மச்சான், மாப்ள ஊர்வலத்துல போறவனாட்டம் வெறப்பா நடக்கற?"

"சுளுக்கு."

"ரெண்டு நாளா சேசு மரி சூசைன்னே சுத்தியல் அடிக்கிற. சுளுக்குக்கு எண்ணெ தடவு, அவங்கள ஏன் தொந்தரவு பண்ற?"

அதற்கு மேல் தாங்கவில்லை. விடிந்தால் சனிக்கிழமை, மாதா வருவாள். அன்றே ஷிப்ட் முடிந்ததும் நேரே செத்த கூட்டாளியின் மூங்கில் தட்டி வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி வாசலில் பிள்ளையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். உத்தரியத்தைக் கழற்றி நீட்டினேன். கழற்றும்போது நாலைந்து முடியும் கூடவே பிய்ந்து வந்தது.

"இது அவனோடதும்மா. நான் மாத்தி எடுத்துட்டேன். என்ன மன்னிச்சிடு."

அவள் வாங்கிப் பார்த்தாள். கயிறு விறைத்திருந்தது. நகத்தால் சுரண்டினாள், மெழுகு உதிர்ந்தது. முதுகுத் துண்டின் ஓரத்தில் நீல நூல் தையல் தெரிந்தது.

"உங்க வூட்டு நீல நூலுண்ணா இது. அண்ணி தச்சது. உங்களோடதுதான்."

"அப்ப அவனோடது?"

பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"திங்கக்கெழம அந்தக் காவல்காரன் இழுத்ததுல கயிறு அந்துபோச்சாம். தட்டுல கெடந்தத தேடி எடுத்தாந்து, தச்சிக் குடுடின்னு குடுத்தாரு. புள்ளைக்குக் காய்ச்சல். காலைல தச்சித் தரேன்னேன். காலைல சங்கு ஊதிடுச்சி. பரவால்ல, வந்து போட்டுக்கறேன்னு போயிட்டாரு." உத்தரியத்தை என் கையில் திருப்பி வைத்தாள். "அவர பொட்டில வெக்கச்சொல்ல நாந்தான் தச்சிக் கழுத்துல போட்டேன். நாளைக்கு சனிக்கெழமண்ணா. செத்தப்புறம் போட்டா மாதா ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்கம்மா" என்றேன், ஏதோ கேட்டுவிட்டு வந்தவன் போல.

தட்டில் நான் எடுத்தது என்னுடையதைத்தான். நான் அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் தொப்பியிலிருந்து மெழுகு பின்பக்கமாக வழிந்து, கயிற்றை என் முடியோடு ஒட்டியிருந்தது. அவன் செவ்வாய்க்கிழமை காலை உத்தரியம் இல்லாமல்தான் இறங்கினான்.