ஏரிக்கரையில் நின்ற கார்

தொண்ணூற்றொன்றில் எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீபெரும்புதூரில் மாமா ஒரு பழைய வெள்ளைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் டிக்கிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வரும். அது எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் என்று சித்திதான் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கார் வேலை பார்க்கும்போது ஸ்பானர் எடுத்துக்கொடுப்பவள் அவள்.

அந்த வெள்ளிக்கிழமை சித்தியைப் பெண் பார்க்கக் குன்றத்தூர் மலைக்கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை அப்பா பார்த்தவர். மனைவியை இழந்தவர், நாற்பது வயது. சித்திக்கு இருபது. வேண்டாம் என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் அப்பாவின் கவலை.

வழியில் பூ வாங்க நிறுத்தினோம். டிக்கியில் பழத்தட்டு சரிந்திருக்கும் என்று சித்தி இறங்கிப் போனாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் ஓடிய கார், ஏரிக்கரையில் இருமிவிட்டு மெல்ல நின்றது. தண்ணீர் முழுக்க வெயில் மினுங்கியது. காற்றில் கண் சொக்கியது. காரும் தூங்கிவிட்டது போலிருந்தது.

மாமா டிக்கியைத் திறந்தார். ஒரு சின்ன பல்பின் ஒரு ஒயரைப் பம்பில் கரண்ட் வரும் இடத்திலும், மற்றதைக் காரின் தகரத்திலும் வைத்தார். எரிந்தது. தகரத்தில் இருந்ததை எடுத்துப் பம்பின் உடம்பில் வைத்தார். எரியவில்லை. எர்த் போயிருக்கிறது, கரண்ட் திரும்பிப் போக வழியில்லை என்று முணுமுணுத்தபடி, துண்டு ஒயரால் பம்பையும் தகரத்தையும் சேர்த்தார். டிக் டிக் டிக்.

குனிந்தவர் கையில் ஒரு நட்டு வந்தது. அது உருண்டு விழுந்திருக்கவில்லை; கழன்ற எர்த் ஒயருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. மாமா மரத்தடியில் நின்ற சித்தியைப் பார்த்தார். அவள் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு ஒயரை எடுத்துவிட்டு, நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பம்ப் பூட்ச்சுக்கா. மெட்ராஸ் போய்தான் வாங்கியாரணும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் சும்மா இருக்கவில்லை. “இப்பதான மாமா டிக் டிக்னு ஓட்ச்சு?”

“அது கடைசி மூச்சு கண்ணு.”

அப்பா கைகாட்டிய இரண்டு பஸ்ஸும் நிற்காமல் போயின. பத்தரை தாண்டியது. சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டதாகப் பிறகு ஆள் வந்து சொன்னார். மாமாவையும் காரையும் அங்கேயே விட்டுவிட்டு, நாங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பல நாள் தூக்கத்தைச் சேர்த்துத் தூங்குகிறவள் போல, சித்தி வழியெல்லாம் தூங்கினாள்.

சாயங்காலம் மாமா காரை ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். தட்டிப் பார்த்தேன், ஓடிவிட்டது என்றார். சித்தி மாமாவுக்குச் சாப்பாடு போட்டாள். அவர் போதும் என்ற பிறகும் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

எனக்குத்தான் மாமா மேல் வருத்தம். அவரைப் போல மெக்கானிக் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருந்தவள் நான். உயிரோடு இருந்த பம்பைச் செத்துவிட்டது என்கிறாரே, இன்னும் கொஞ்சம் தொழில் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.