பென்சில் புள்ளடியும் ஏழாம் இலக்கக்காரனும்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கே மொன்றியலில் இருட்டிவிடுகிறது. பார்க் எக்ஸ்டென்ஷனில் என் மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் இயந்திரம் உறுமிக்கொண்டு போகும். உள்ளே, மிளகாய்த்தூள் பேணியில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசியின் வீடியோ அழைப்பில் நாளைய வெயில் எறிக்கும். நாளைய வெயிலேதான், மெல்பேர்னில் அப்போது சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அந்த வெயிலில் நாற்பது இளந்தாரிகள் கையில்லாத பனியனோடு, மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள். வேலிக் கம்பியில் முழங்கையை ஊன்றியபடி என் தங்கச்சி மலர் அவர்களைப் பார்ப்பாள். நான் மலரைப் பார்ப்பேன்.

இது போட்டியல்ல, பயிற்சி. போட்டிகள் மார்ச்சில்தான் தொடங்கும். அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம் என்று பெயர். விதி எங்கே என்று முதல் இரண்டு வாரம் தேடினேன். பந்தைக் கையால் பிடிக்கலாம், குத்தலாம், பிடிக்கப் போகிறவனின் தோளில் முழங்காலை வைத்து ஏறலாம். கம்பங்கள் நான்கு. நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரத்து இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் கதிரைகளைத் தேய்த்தவன் சொல்கிறேன், தவறவிட்டவனுக்கும் புள்ளி கொடுக்கும் நடைமுறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பிரிவு ஒன்று உண்டு. மனைவி, பிள்ளை, தாய், தகப்பன் என்று யாருமே இல்லாதவன் தன் உறவில் யாராவது ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். ஒருவரும் இல்லை என்பதே அங்கே தகுதி. மனைவி போய் நான்கு வருடம், பிள்ளைகள் இல்லை. எந்தப் பரீட்சைக்கும் இவ்வளவு முழுமையாக நான் தகுதி பெற்றதில்லை. மலரும் புருஷனைப் பறிகொடுத்துத் தனியே இருந்தாள். சின்ன அறைக்கு வர்ணம் பூசினேன். அவளுடைய படிவங்களையும் நானே நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவள் செய்யவேண்டியது ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் நான் பென்சிலால் × என்று புள்ளடி போட்ட இடத்தில், கறுப்பு மையில், பெட்டிக்கு வெளியே போகாமல் ஒரு கையெழுத்து. மூன்று மாதமாகிவிட்டது. கேட்டால், "பேந்து பாப்பம் அண்ணை, இப்ப ட்ரெயினிங் தொடங்கப் போகுது" என்று தள்ளிப்போடுவாள்.

புள்ளடி நேற்று முளைத்ததல்ல. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்த நாளிலிருந்து மலரின் எழுத்து வேலையெல்லாம் என்னுடையது. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, அவுஸ்திரேலிய விசா, எல்லாவற்றிலும் நான் புள்ளடி போடுவேன். அவள் வாசிக்காமல் கையெழுத்து வைப்பாள். கலியாணப் பதிவன்றுகூட மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், "அண்ணை, எங்க புள்ளடி?" என்றுதான் கேட்டாள். பதிவாளர் சிரித்தார். சபை சிரித்தது. நான் பெருமைப்பட்டேன். ஒருவராவது சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை பயிற்சி முடியும் நேரம். வீரர்கள் வேலிப் பக்கம் வந்தால், பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். மலர் தொலைபேசியைக் கெவினிடம் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனாள். கெவின் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. சனிக்கிழமைகளில் வேலியில் அவளுக்குப் பக்கத்து ஆள். தன் மடக்குக் கதிரையையும் பிளாஸ்க்கில் பாதித் தேநீரையும் அவளுக்கு ஒதுக்கி வைப்பவர்.

"உங்கள் ஊரிலும் இந்த விளையாட்டு உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இங்கே ஐஸ் ஹாக்கி என்று சொல்லிச் சண்டை பிடிப்பார்கள்" என்றேன்.

"பாவம்" என்றார். எனக்கா சண்டைக்காரருக்கா என்று சொல்லவில்லை.

கெவின் தொலைபேசியை வரிசைப் பக்கம் திருப்பினார். மலரின் முறை வந்தது. பனியனின் முதுகில் 7 போட்ட ஏழாம் இலக்கக்காரன், வியர்வை வழிய, தடித்த கறுப்புப் பேனையோடு நின்றான். அவள் கைப்பைக்குள் துழாவி மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். மேல் மூலையில் கனடாக் கொடி.

"மலர்! அது படிவம்! ஐயோ, அதில வைக்க விடாதை!"

கெவின் திரையில் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினார். "மலர், உங்கள் அண்ணன் சந்தோஷத்தில் துள்ளுகிறார்!" என்று வரிசைக்கே கேட்கக் கத்தினார். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். ஏழாம் இலக்கக்காரன் குனிந்து தாளைப் பார்த்தான். எங்கே வைப்பது என்று கேட்டிருக்கவேண்டும். மலர் விரலால் காட்டினாள். என் புள்ளடியை.

தொலைபேசி அவள் கைக்குத் திரும்பியது.

"வேற பேப்பர் இல்லை அண்ணை."

"அது பேப்பரோ? மூண்டு மாசமா நான்..."

"ஓம், தெரியும். மூண்டு மாசமும் கைப்பையிலதான் கொண்டு திரியிறன். இந்த முறை வாசிச்சும் பாத்தன். முழுக்க." தொப்பியைச் சரி செய்தாள். "நான் வரேல்லை அண்ணை. அங்க வந்து என்ன செய்யிறது? நீங்கள் புள்ளடி போடுற இடமெல்லாம் கையெழுத்து வைச்சுக்கொண்டு இருக்கிறதோ?"

என் வாயில் முப்பது வருடப் பழக்கம்தான் வந்தது.

"பெட்டிக்கு வெளியில போயிட்டுதோ?"

தாளைத் திரைக்குக் கிட்டப் பிடித்தாள். அந்தப் பாவி மூன்று பெட்டிகளைத் தாண்டி எழுதியிருந்தான்.

"கோவமோ?"

"இல்லை."

"பேந்து ஏன் முகம், திருப்பி அனுப்பின படிவம் மாதிரிக் கிடக்குது?" சிரித்தாள். "கிட்டத்தான் உதைச்சனீங்கள். ஒரு புள்ளி தாறன். அண்ணை, நீங்கள் இஞ்ச வாங்கோவன்."

அவுஸ்திரேலியாவின் குடிவரவு நடைமுறையும் எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நின்றால் என் முறை அடுத்த பிறப்பில் வரும். அதை அவளிடம் சொல்லவில்லை. "பேந்து பாப்பம்" என்றேன். மலரின் படிவக் கோப்பின் முகப்பில் 'முடிவுற்றது' என்று எழுதினேன், பென்சிலால்.

இன்று வெள்ளிக்கிழமை. மேல்மாடி மேடம் கதவைத் தட்டி, "பொன்ஜூர், மிஸ்யூ! மாட்ச்சா?" என்று எட்டிப் பார்த்தார். நான் கழுத்தில் மலர் அனுப்பிய அணிச் சால்வையோடு இருந்தேன். பயிற்சிதான் என்று என் அரைகுறை பிரெஞ்சில் சொன்னேன். பயிற்சிக்குமா இந்த அலங்காரம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

ஜன்னல் கண்ணாடியில் தொலைபேசியின் பச்சை மைதானம் விழுந்து, வெளியே வெள்ளையாய்க் கிடந்த தெருவின்மேல் விரிந்திருந்தது. அங்கே மலர் முழங்கையை வேலியில் ஊன்றினாள். நான் மேசையில் ஊன்றினேன். ஏழாம் இலக்கக்காரன் உதைத்தான். பந்து பனிக்கு மேலால் பறந்து போனது.

"எட, ஓரத்தால போயிட்டுது!" என்றோம், இரண்டு பேரும்.