அனுப்புநர் பெயர் பதிவு செய்து தரப்படும்

கடைகளிலிருந்து உங்கள் போனுக்கு வரும் குறுஞ்செய்தியின் தலையில் ஆறெழுத்தில் ஒரு பெயர் இருக்கும்; அதை அரசாங்க விதிப்படி பதிவு செய்து கொடுத்து, அதற்காக ஊராரிடம் ஏச்சு வாங்குவது என் தொழில். ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு போர்டு, நான். ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வந்து, எது தெளிவாக இல்லை என்று கேட்க ஆளில்லாமல் நீங்களும் நின்றிருந்தால் நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்தான்.

குலதெய்வம்

பேண்டேஜ் துணி கம்பெனி முதலாளி ஒருவர், செய்தி தம் குலதெய்வத்தின் பெயரில்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத பெயர் செல்லாது என்று எடுத்துச் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையாகட்டும், லாரியாகட்டும், அவர் வீட்டிலிருந்து அம்மன் பெயரில்லாமல் எதுவும் வெளியே போனதில்லையாம். மூன்று தடவை அனுப்பி, மூன்று தடவையும் திரும்பி வந்தது. கடைசியில், அந்தப் பெயர் உங்களுடையதுதான் என்பதற்கு ஆவணம் கேட்டிருந்தார்கள். படித்துக் காட்டியதும் எழுந்துவிட்டார்.

“ஏம்மா, அம்மனுக்கு எங்கிட்டுப் போயி பான் கார்டு எடுக்கட்டும்?”

அப்பா கையெழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணனும் தம்பியுமாக நடத்தும் பால்கோவா கடை. கடைக்கு அவர்களுடைய அப்பா பெயர். பெட்டிகளை பஸ்ஸில் மதுரைக்கு ஏற்றிவிட்டு, எந்த வண்டி, எத்தனை மணிக்கு வரும் என்று வாங்குகிறவர்களுக்குச் செய்தி அனுப்புவார்கள். பதிவில்லாத பெயரில் செய்தி போகாது என்று ஆனதும், எடுக்க ஆள் வராமல் பெட்டிகள் கெட்டுப்போகத் தொடங்கின. அண்ணன் என்னிடம் ஓடி வந்தார்.

அவர் கொண்டுவந்த கடிதத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அப்பா இறந்து ஒன்பது வருஷம். கடைப் பேப்பர் எதிலும் அவர் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் யார் பெயருக்கு என்ற கேள்வி வருமே. அதனால் கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் அப்பா கையெழுத்தைப் போட்டுவிடுவார். இரண்டு பேர் கையிலும் அது அச்சாக வரும். உயிரோடு இருப்பவர் கையெழுத்துத்தான் செல்லும் என்றேன்.

“இம்புட்டு வருசமா அப்பாதான் எங்களுக்குக் கையெழுத்துப் போடுதாரு. ஒரு சண்டை வந்ததில்ல தாயி. நீ கெளப்பி விட்டுறாத.”

ஒரே கட்டம்

ஆடிட்டரைப் பிடித்துப் பேப்பர்களை மாற்ற வேண்டியதாயிற்று. என் விண்ணப்பத்திலும் பொறுப்பாளர் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். எல்லாவற்றிலும் அண்ணன் பெயரையே போட்டுவிடுங்கள், வெறும் ஃபார்ம்தானே என்று வாய் கூசாமல் சொன்னவள் நான். கூட வந்திருந்த தம்பி, அண்ணன் சொந்தக் கையெழுத்தைப் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இனிமே கடையில நான் யாரு, அக்கா?”

வணக்கம்

பெயர் கிடைத்தது. ஆனால் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரு சொல் கூடினாலும் போகாது. போகவில்லை என்று யாரும் நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள். ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம் கல்லாவில் தம்பி. நம்மை நம்பி வாங்குகிறவர்களுக்கு மொட்டையாகவா எழுதுவது என்று, எல்லாச் செய்திக்கும் முன்னால் ‘வணக்கம்’ சேர்த்து அனுப்பிவிட்டார். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. அத்தனை பெட்டியும் மதுரை பஸ் நிலையத்தில் கிடந்து வீணாயிற்று. அண்ணன் கடை வாசலில், கூட்டத்துக்கு நடுவில் கத்தினார்.

“கடை எம் பேர்ல இருக்கு. ஒன்னைய யாருலே வணக்கம் வைக்கச் சொன்னது?”

அப்பா யாருக்கு?

அடுத்த மாதம் கடை இரண்டாயிற்று. தம்பி மடவார் வளாகம் பக்கம் தனிக்கடை போட்டு, அப்பா பெயரிலேயே செய்தி அனுப்ப வேண்டும் என்று என்னிடம் வந்தார். ஒருவருக்குக் கொடுத்த பெயர் இன்னொருவருக்குக் கிடைக்காது. விதியைச் சொன்னேன். கொண்டுவந்த பேப்பர்களை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“வாதம் வந்து கெடந்த நாலு வருசமும் அப்பாவத் தூக்கிக் குளிப்பாட்டினது நான். பேரு மட்டும் அண்ணனுக்கா?”

மோசடிக்காரர்கள் அடுத்தவர் பெயரில் செய்தி அனுப்பாமல் தடுக்கத்தான் இந்த விதிகளெல்லாம். அதன்படி நானும் ஒரு மகனிடமிருந்து அவன் அப்பாவின் பெயரைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.