குடத்தில் போட்ட அழுக்கு

அழுக்குப் போடுவதில் நான் கெட்டிக்காரி. பெருமைக்காகச் சொல்லவில்லை, எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

தி. நகரில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில்தான் கம்ப்யூட்டரில் படம் செய்யக் கற்றேன். பார்த்தால் போட்டோ போலவே இருக்கும், ஆனால் அதில் இருக்கும் எதையும் யாரும் கேமராவில் எடுத்ததில்லை. அதில் உருவத்தைச் செய்வது பாதி வேலை. மீதி, ஷேடர். வெளிச்சம் பட்டால் ஒரு பொருள் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான் ஷேடர். ஒரே உருண்டைதான். ஒரு ஷேடர் போட்டால் எலுமிச்சம்பழம், இன்னொன்று போட்டால் இரும்புக் குண்டு. முதல் வாரம் முழுக்க உருண்டைகளை மாற்றி மாற்றி வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பாடமாக ஆளுக்கொரு சமையலறை செய்யச் சொன்னார் சார். கூடப் படித்தவர்கள் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து மார்பிள் மேடையும் ஒயின் கிளாஸும் வைத்தார்கள். நான் எங்கள் வீட்டைச் செய்ய உட்கார்ந்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஆற்றை ஒட்டி இருந்த ஒற்றை அறை வீடு. அதை இடித்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த வீட்டின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. போனில் இருந்ததெல்லாம் முகங்கள்தான், சமையல் மூலையை யார் படம் எடுப்பார்கள்? அந்த மூலையை அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அந்தப் படிப்பிடம் அப்போது நான் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா கோபாலபுரத்தில் வீட்டு வேலை செய்கிறாள். ஊரார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டிலும் உட்கார்ந்து தேய்ப்பாள். குடிதண்ணீருக்கென்று ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன். வீட்டில் கண்ணாடி இல்லாமல் இல்லை. குடம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

படத்தில் அந்தக் குடம் சரியாக வரவே இல்லை. பளபளப்பை ஏற்ற ஏற்ற பிளாஸ்டிக் சொப்பு போல நின்றது. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா இருந்தா யாரும்மா நம்புவாங்க? உலகத்துல எதுவுமே சுத்தம் கிடையாது. அழுக்கு போடு."

போட்டேன். குடத்தின் மேல் விரல் தடம், அதன்மேல் கீறல், அதன்மேல் உப்புத் தண்ணீர்க் கறை. குடம் சட்டென்று நிஜமாகிவிட்டது. ருசி கண்ட பூனை விடுமா? சுவரில் ஓதம், அடுப்பில் பிசுக்கு, அலமாரியில் துரு, ஜன்னல் கம்பியில் ஒட்டடை. அந்த வீட்டில் ஒருநாளும் இருந்திராததையெல்லாம் தேடிக் கொண்டுவந்து அப்பினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அதை ஷேடர் வைத்துச் செய்தேன்.

சார் என் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். "செம அழுக்கு மச்சி!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வழியிலேயே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள்.

"இன்னாடி இது?"

"நம்ம பழைய வூடும்மா. நானே செஞ்சேன்."

ரொம்ப நேரம் பார்த்தாள். குடத்தின் மேல் விரல் வைத்துத் துடைத்துப் பார்த்தாள். கறை போகவில்லை.

"நம்ம வூடு இப்டியா இருந்துச்சு? நா இப்டியா வெச்சிருந்தேன்?"

"நிஜம் மாதிரி தெரியணும்னா இப்டித்தாம்மா போடணும். எல்லாரும் கை தட்னாங்க."

"இடிக்க வந்தவன் இன்னா சொன்னான், ஞாபகம் இருக்காடி? சாக்கடையில குடித்தனம் பண்றீங்கன்னான். அவன் வாயால சொன்னத நீ படமா போட்டு எட்த்துகினு வந்துகிற."

படத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். காலையில் தேய்த்து வைத்திருந்த அதே குடத்தை இறக்கி வைத்து மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கைதட்டலை நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

மறுநாள் வகுப்பில் போட்ட அழுக்கையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் அந்தக் குடத்தில் ஜன்னல் தெரிந்தது. சார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பொம்மை வீடு மாதிரி ஆயிடுச்சும்மா. வேலைக்குப் போறப்ப பழசையே காட்டு."

சுத்தமான படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். "இதான் நம்ம வூடு," என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். அழுக்குப் படத்தைத் தேனாம்பேட்டையில் ஒரு விளம்பரப்பட ஆபீசில் காட்டினேன். உடனே வேலை கிடைத்தது.

அங்கே போன பிறகுதான் இன்னொன்று புரிந்தது. பணக்கார வீட்டுச் சமையலறை செய்யும்போது, "அழுக்கைக் குறைங்க, பெரிய இடம்," என்பார்கள். சார் சொன்ன உலகத்தில் அந்த வீடுகள் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அவற்றைத் தேய்ப்பது என் அம்மா என்று சொல்ல வாய் வரை வரும். சொன்னதில்லை. ஏழை வீடு என்றால் யாரும் யோசிப்பதே இல்லை, நேராக என் மேஜைக்கு வந்துவிடும்.

போன வாரமும் ஒன்று வந்தது. கூரை, மண் அடுப்பு, ஓரமாக ஒரு குடம். அடுப்புக்கும் சுவருக்கும் கேட்டதெல்லாம் போட்டேன். குடத்தை மட்டும் தொடாமல், முகம் பார்க்கிற மாதிரி விட்டு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. குடத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, 'இதுக்கும் அழுக்கு போடவும்' என்று எழுதியிருந்தார்கள்.

போட்டேன்.