எங்களை ஒரே குடும்பமாக்கிய சேஷாத்ரி சார்

செய்தி வந்தபோது நான் சேவை மையத்தில் ஒரு பெரியவரின் கட்டைவிரலை ரேகை மெஷின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாங்காய்க்கூழ் ஃபேக்டரியில் தேய்ந்துபோன விரல். மெஷின் அதை ஏற்கவில்லை. போன் அடித்தது. திருப்பதியிலிருந்து சேஷாத்ரி சாரின் மனைவி. "சுமதி, சார் போயிட்டார்மா. காலம்பற காபி கேட்டார். கொண்டு வரதுக்குள்ள இல்ல" என்றார். 

வரிசையில் நின்றவர்களிடம் சொன்னேன். எங்கள் காலனி முனுசாமி மாமா காதோரம் கையை வைத்துக்கொண்டு, "எந்த சேஷாத்ரி? நம்மள எல்லாம் ஒரே குடும்பமாக்கினாரே, அவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாவம், நல்ல மனுசன்" என்றார். பிறகு சற்று யோசித்து, "அந்த நல்ல மனுசன் பண்ண வேலைலதான் நாம இன்னும் இங்க நின்னுகினு கீறோம்" என்றார். மண்டல ஆபீஸில் இரங்கல் கூட்டம் வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று முனுசாமி மாமா சொன்னதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் திருப்பதியில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். "அண்ணா பெருமாளுக்குப் பண்றான், நான் கவர்மென்ட்டுக்குப் பண்றேன். ரெண்டு இடத்துலயும் கியூதான் பெரிசு" என்று சொல்லிச் சிரிப்பார். நான் வேலையில் சேர்ந்த புதிதில், கல்குவாரியில் கணவனை இழந்த ஒரு பெண் ஆபீஸுக்கு வந்தாள். ரேஷன் மேஜையில் கணவன் செத்ததைச் சொல்லி அழுதாள். பென்ஷன் மேஜைக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போய் முதலிலிருந்து சொல்லி அழுதாள். நிலப் பட்டா பார்க்கிற மேஜையிலும் அதே கதைதான். சார் எழுந்துபோய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவளை உட்கார வைத்தார். "ஒருத்தர் தன் கஷ்டத்தை கவர்மென்ட்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொல்லணும். ரெண்டாவது தடவை சொல்ல வச்சா அது நம்ம தப்பு" என்றார். கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர் மேலே எழுதி எழுதி வாங்கியது இதற்காகத்தான். எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. திருப்பதியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த நானும் மூட்டை கட்டிவிட்டேன். "நீ எங்க போற? ஒனக்கு இங்க வேலை இருக்கு" என்று நிறுத்தினார். எங்கள் காலனியிலிருந்து சர்க்கார் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான்தான்.

குடும்பக் கணக்கெடுப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கியதும் எங்கள் காலனிக்காரர்கள் வந்தார்கள். முதல் கட்டத்திலேயே நின்றுபோயிற்று. ஆந்திர கவர்மென்ட் பாரம் ஆயிற்றே, இன்ட்டி பேரு கேட்டது. தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் வம்சத்துக்கே பொதுவான ஒரு வீட்டுப் பெயர் உண்டு. தமிழ் பேசுகிற எங்களுக்கு அது கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு சரி. அதுவும் புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் நகராது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்த சனங்கள் வெயிலில் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். சார் சன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். "ஊர் பேரைப் போட்டு மேல போம்மா. இவாளுக்கு ஊர்தானே வீடு" என்றார். எல்லோருக்கும் அரசங்குப்பம் என்று போட்டோம். காலனி வீடுகளுக்கெல்லாம் சேர்த்துப் பஞ்சாயத்து கொடுத்திருந்ததோ ஒரே கதவு எண். அதையும் போட்டோம். என் அத்தை குப்பம்மாவுக்கு ஒரே பெருமை. "நமக்கும் தெலுங்குக்காரங்க மாரி முன்னால ஒரு பேரு வந்துச்சு பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

அப்புறம் பல வருஷங்கள் அது யாரையும் கடிக்கவில்லை. ரேஷன், பென்ஷன், ஆஸ்பத்திரி கார்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைத்த அன்றைக்கு சார் ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அப்போது அவர் டெபுடி தாசில்தார். "இனிமே ஒரு தடவை சொன்னா போதும், சுமதி" என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த மெஷினுக்கு ஒரு விதி இருந்தது. ஒரே வீட்டுப் பெயர், ஒரே கதவு எண் என்றால் ஒரே குடும்பம். எங்கள் காலனி முழுவதையும் அது சத்தமில்லாமல் ஒரு குடும்பமாக்கி, வயதில் மூத்த ஆண் என்று முனுசாமி மாமாவைத் தலைவராக உட்கார வைத்துவிட்டது. எங்கள் காலனிப் பையன் டில்லிபாபு சென்னையில் டாக்ஸி ஓட்டக் கடனில் கார் வாங்கியபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. குடும்பத்தில் கார் இருக்கிறதாம். காலனிக்கே அரிசி நின்றது, பென்ஷன் நின்றது. டில்லிபாபு பேரைத் தட்டிப் பார்த்தேன். ஸ்கிரீனை உருட்ட உருட்ட ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சார் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

குப்பம்மா அத்தைக்கு அதே மழைக்காலத்தில்தான் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. திருப்பதியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை, புருஷன் எப்போதோ போய்விட்டான். ஆஸ்பத்திரி கார்டை மெஷினில் வைத்தால், கார் வைத்திருக்கும் குடும்பம், தகுதி இல்லை என்று வந்தது. சார் தன் சேமிப்பை எடுத்துக் கட்டுகிறேன் என்று காலனிக்கே வந்துவிட்டார். அத்தை ஒப்பவில்லை. "உன் காசு வேணாம் சார். என் கார்ட என்கு சரி பண்ணி குடு. நீதான அந்தப் பேர வச்ச" என்றாள். அவர் தலை குனிந்து நின்றார். நான் அவருக்காக எதுவும் பேசவில்லை. பேசவும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அவர் ஏறாத படி இல்லை. ஒருநாள் மேலிடத்து சாஃப்ட்வேர் ஆளோடு ஸ்பீக்கரில் பேசினார், பக்கத்தில் நானும் இருந்தேன். அந்தப் பக்கம் சின்ன வயசுக் குரல், மரியாதையான குரல்தான். "சார், குடும்பத்துலேருந்து ஒருத்தரைப் பிரிக்கணும்னா ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு. கல்யாணம், இல்லன்னா மரணம்" என்றான். சார் "அந்தம்மாவுக்குக் கல்யாண வயசு தாண்டிடுத்துப்பா" என்றார். அவன் சிரித்துவிட்டு, கோரிக்கையை அனுப்பி வைக்கச் சொன்னான். அனுப்பினோம். பரிசீலனையில் உள்ளது என்று வந்தது. டில்லிபாபுவும் பதறிக்கொண்டு ஊருக்கு வந்தான். "வண்டிய வித்துட்றேன் சார்" என்றான். விற்றாலும் கார் கணக்கிலிருந்து அடுத்த சரிபார்ப்பில்தான் நீங்கும் என்றார்கள். "ஒன் பொழைப்பையும் ஏன்டா கெடுத்துக்கற, போ" என்று சார் அவனைத் திருப்பி அனுப்பினார்.

அத்தை அதுவரை தாங்கவில்லை, கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போன ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். உடலை வாங்கப் போனபோது குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வேலித் தகராறில் அத்தையோடு பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்த முனுசாமி மாமா பஸ் பிடித்து வந்தார். என்ன உறவு என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல எங்க வூட்டு பொம்பளைங்க" என்றார். வரும் வழியெல்லாம் வண்டிக்குள் அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்து வந்தார். மறுவாரம் அவள் பெயரை நீக்க ஆபீஸில் ஸ்கிரீனைத் திறந்தேன். "தள்ளிக்கோம்மா, நான் பண்றேன்" என்று சார் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். மரணம் என்பதைத் தேர்ந்தெடுத்தார். எந்தத் தடையும் வரவில்லை. நொடியில், வெற்றிகரமாகப் பிரிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் அவர் ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. கெட்டவர் ஒருவர் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

ரிட்டயர் ஆன பிறகும் அவர் திருப்பதியிலிருந்து பஸ் ஏறி எங்கள் காலனிக்கு வந்துகொண்டிருந்தார். வீடு வீடாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டார்: "யார் யார் சேர்ந்து சாப்பிடறேள்?" பேரைக் கேட்கவில்லை, கதவு எண்ணைக் கேட்கவில்லை. "முதல்லயே இதைத்தான் கேட்டிருக்கணும், சுமதி" என்று ஒருமுறை சொன்னார். அந்தப் பதில்களையெல்லாம் சேர்த்து அவர் அனுப்பிய மனு மாவட்டம் பிரிந்தபோது எங்கேயோ நின்றுவிட்டது. இன்றைய தேதியில் நாங்கள் இன்னும் ஒரே குடும்பம்தான். சரியாகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

கடைசியாக அவர் வந்தபோது, நான் இப்போது வேலை பார்க்கிற சேவை மையத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து என்னிடமும் அதைக் கேட்டார். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், மகன் பெங்களூரில். "நா மட்டுந்தான் சார்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். என் முன்னால் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள். அதைப் போடுவதற்கு ஸ்கிரீனில் இடம் இல்லை.