ஒரு சத்தம் குடு

"…சத்தமே கூடாதுன்னுதானே சொன்னாங்க, அப்ப நாம இன்னாடி தப்பு பண்ணோம்?" என்று என் கணவர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்துக் கேட்டார். எங்கள் மகள் என் மடியில் இருந்தாள். ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை.

எட்டு மாதம் முன்னால் கரியமாணிக்கத்திலிருந்து பஸ் ஏறி இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். வெள்ளைக்கார டாக்டர் அவள் காதருகே மணி ஆட்டிப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் நெடுநேரம் பேசினார். பக்கத்தில் நின்ற சிப்பந்தி அத்தனையையும் ஒரே வரியாகச் சுருக்கினார்: காது கொஞ்சம்தான் கேக்குதாம், வூட்ல சத்தம் கூடாதாம்.

சத்தம் பட்டால் மிச்சக் காதும் போய்விடும் என்று நாங்களே அர்த்தம் வைத்துக்கொண்டோம். வீட்டை ஒட்டி ஓடிய தண்ணி எஞ்சினை அவள் வீட்டில் இல்லாதபோது மட்டும் என் கணவர் ஓட்டினார். மாடுகளின் கழுத்து மணியை அவிழ்த்தார். கிணற்று ராட்டினத்துக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டார். நான் கொலுசைக் கழற்றினேன், உலக்கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் நெல் குத்தினேன்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். எங்கள் பக்கத்தில் 'போறப்ப ஒரு சத்தம் குடு' என்றால் கூப்பிடு என்று பொருள். வாயிலிருந்து வருவதும் சத்தம்தானே? அதையும் அடக்கினோம். வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அடுப்படியில் சைகை காட்டப் பழகினேன். அவளைத் தூக்கினால் உதட்டைக் கடித்துக்கொள்வேன். அவரும் நானும் பேச வேண்டியதைக் குசுகுசுவென்று பேசினோம்.

"சாவு வூட்லகூட நாலு பேரு பேசுவாங்கடி," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இன்னா வூடுடி இது?" இன்னொரு நாள், செவிடன் காதில் ஊதின சங்கு என்று வேறு எதற்கோ சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். பழமொழி என்றால் எனக்கு உயிர். அந்த ஒன்றை நான் அப்புறம் சொன்னதேயில்லை.

இன்று பார்த்தது தமிழ் டாக்டரம்மா. எங்கள் வீட்டு அமைதியை நாங்கள் பெருமையாகச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் சத்தம், உலக்கை சத்தம் கொறைஞ்சாத்தான் உங்க பேச்சு அவ காதுல விழும்னு சொன்னதும்மா அது. பக்கத்துல வாய வச்சு நாளெல்லாம் பேசணும். இவ்ளோ நாளா அவகிட்ட இன்னா பேசினீங்க?"

பேச்சு பிடிக்கிற வயசு வீணாப் போச்சேம்மா என்றார். இனி வருமா என்று கேட்டேன். பேசிப் பாருங்க என்றார். வரும் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தாழ்வாரத்தில் என் கணவர் அப்படிக் கேட்டது. அவர் குழந்தையை வாங்கி, காதில் வாயை வைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டு மாதப் பழக்கம், வெறும் காற்றுதான் வந்தது. மூச்சுப் பட்டுக் கூசியதில் அவள் சிரித்தாள். கேக்குது பாருங்க என்று சொல்லிக்கொண்டே போனார் அந்தச் சிப்பந்தி. அவருக்குத் தலையாட்டிவிட்டு என் கணவர் மறுபடியும் கூப்பிட்டார், அதே குசுகுசுப்பில்.