கட்டம் காலியாக இருக்கக் கூடாது

பல்கலைக்கழக வாசலில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறது. ‘நானோ தொழில்நுட்பப் பொது ஆய்வகம், அனைவருக்கும் திறந்திருக்கும்’ என்று பொன் எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது ஊசியக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏழாவது தடவை படித்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

கண் அறுவைக்கான தையல் ஊசிகளுக்கு முனை தீட்டுவது அவள் தொழில். அதனால்தான் தெருவில் எல்லோருக்கும் அவள் ஊசியக்கா. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு தொழிற்சாலையில் சாணை பிடிக்கப் போனவள், அதை மூடியபோது இரண்டு சாணை இயந்திரங்களை வாங்கிவந்து வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். ஒன்றில் அவள், மற்றதில் தங்கை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே கண் மருத்துவமனைக்குத்தான் வேலை. முனை சரியா என்று பார்க்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளை வளையத்தில் இழுத்துக் கட்டி ஊசியால் குத்துவாள். துளி சத்தம் வந்தாலும் அந்த ஊசி குப்பைக்கு. சத்தமே இல்லாமல் இறங்கினால்தான் எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு பெட்டி திரும்பி வந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே நாலு ஊசி முனை உடைந்துபோனதாம். சாணையில் கோளாறு என்று கடிதம். உடைந்த ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் வைத்து உருட்டிப் பார்த்தாள்.

“சாணை இல்லடி. கம்பியே உள்ளுக்குள்ள கீறிக் கிடக்கு,” என்றாள் தங்கையிடம்.

மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி நகத்தையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. “எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல படம் எடுத்துட்டு வாங்க. மாசக் கடைசிக்குள்ள வரலன்னா வேற ஆளைப் பாத்துக்குவோம்,” என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கருவி ஊரில் இருப்பது பொது ஆய்வகத்தில் மட்டும். அங்கே விண்ணப்பம் வாங்குகிற கிளார்க், அவள் நிரப்பிக் கொடுத்த தாளை மேலும் கீழும் பார்த்தார்.

“வழிகாட்டிப் பேராசிரியர்னு ஒரு கட்டம் இருக்கே, அதை விட்டுட்டீங்களேம்மா?”

“நான் படிக்க வரலைங்க. எனக்கு யாரு வழிகாட்டி?”

“கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் வாங்காது.”

சரி, வழிகாட்டியைத் தேடுவோம் என்று பேராசிரியர்களின் அறை அறையாக ஏறி இறங்கினாள். ஒருவர் வெளியூர் போயிருந்தார். ஒருவர் “எந்தத் துறை?” என்று கேட்டார், “சாணை” என்றதும் சிரித்தார். இன்னொருவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டே, அதிலாவது உட்காரலாமா என்று கிளார்க்கிடம் கேட்டாள். அது மாணவர்களுக்கு மட்டுமாம். அப்புறம் யாருக்கய்யா அந்தப் பொன் எழுத்து?

மூன்றாவது வாரம், கருவியை இயக்குகிற பெண் அவள் நிலையைப் பார்த்து மனம் இளகினாள். “நாளைக்கு அரை மணி நேரம் சும்மா இருக்கும்க்கா. ஊசியைக் கொண்டாங்க, பாத்துடலாம்.”

வீட்டுக்கு ஓடிப்போய் நாலு ஊசியையும் எடுத்து, வழக்கம்போல எண்ணெய்த் துணியால் பதமாகத் துடைத்து, பஞ்சில் வைத்துக் கொண்டுவந்தாள். துரு ஏறிவிடக் கூடாதே என்கிற அக்கறை. அந்த அக்கறைதான் காலை வாரியது. அந்தக் கருவிக்குள் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தால்தான் படம் தெரியும். எண்ணெய் இருந்தால் ஆவியாகி உள்ளே எங்கும் அப்பிக்கொள்ளும். திரை மங்கியது. கருவியை நிறுத்திக் கழுவ நாலு நாள் ஆகும் என்றார்கள். கிளார்க் பதிவேட்டை இழுத்து, ‘வெளியாட்களுக்கு இனி அனுமதி இல்லை’ என்று எழுதத் தொடங்கினார்.

“எண்ணெய் இருக்கக் கூடாதுன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள் ஊசியக்கா.

“பயிற்சி வகுப்புல சொல்வாங்க.”

“அந்த வகுப்புக்குத்தானே என்னை விடமாட்டேன்னீங்க? சொல்லியும் தரமாட்டீங்க, தெரியலன்னா தண்டனையும் குடுப்பீங்களா? இது எந்த ஊரு நியாயம்?”

அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. போகிற வருகிறவர்கள் நின்றார்கள். “அவங்க கேக்கறதுல என்ன சார் தப்பு?” என்றாள் கருவிக்காரப் பெண். கிளார்க் தலையைக் குனிந்துகொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“சரிம்மா, சத்தம் போடாதீங்க. கட்டத்தை நான் பாத்துக்கறேன். அடுத்த வகுப்புல வந்து உக்காருங்க.”

வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஊசிகளை ஸ்பிரிட்டில் மூன்று முறை அலசினாள். திரையில் படம் விழுந்தபோது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாணைக் கோடுகள் குறுக்கே, சீவிவிட்ட தலைமுடி மாதிரி ஒழுங்காக இருந்தன. விரிசல் நெடுக்கே, கம்பியின் வயிற்றுக்குள்ளிருந்து ஓடிவந்திருந்தது. சாணை தொடுவதற்கு முன்பே, எஃகைக் கம்பியாக இழுத்துத் தயாரித்த இடத்திலேயே வந்த கோளாறு. நகம் சொன்னது அப்படியே சரி.

ஆனால் மாதக் கடைசி போய் ஆறு நாள் ஆகியிருந்தது. மருத்துவமனை பாதி வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டது. தங்கையின் இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியாயிற்று. தங்கை இப்போது ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அனுப்பிய படத்துக்கு மருத்துவமனையிலிருந்து பதில் கடிதம் மட்டும் மரியாதையாக வந்தது: ‘பேராசிரியர் அவர்களின் ஆய்வு முடிவை ஏற்கிறோம்.’

எந்தப் பேராசிரியர்? படத்தின் நகலை எடுத்துப் பார்த்தாள். அடியில் பொடி எழுத்தில், வழிகாட்டி என்று யாரோ ஒருவர் பெயர். அதோடு நேராகக் கிளார்க்கிடம் போனாள்.

“இவர் யாருங்க? என் ஊசியை இவர் எப்ப பாத்தார்?”

“அவரா? அவர் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சும்மா. கட்டம் காலியா இருக்கக் கூடாதில்ல? யாரும் இல்லாதவங்களுக்கு அவர் பேரைத்தான் போட்டுவிடுவோம்.”



“அப்ப நான் வந்த முதல் நாளே போட்டிருக்கலாமே?”

கிளார்க் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

“நீங்க கேக்கலையேம்மா,” என்றார்.